அக்காவின் பொம்மை அயன்

நடந்தவை:

1. அக்காவின் பேசும் கடிகாரம் பேச்சை நிறுத்தியது.
2. பிரிக்பீல்ட்ஸில் விசாரித்த கடைகளிலெல்லாம் புதிது வாங்கச் சொன்னார்கள்.
3. அக்கா தானே பழுதுபார்ப்பது என்று முடிவு செய்து, முதன்முதலாக வாங்குபவருக்கு ஏற்ற மலிவான சால்டரிங் அயன், அதாவது ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டும் கருவி, எது என்று என்னைக் கேட்டார்.
4. கிள்ளானில் இருக்கும் அவருடைய அண்ணன் அதைக் கேள்விப்பட்டு ஒரு நிபந்தனை போட்டார்.
5. அக்கா நிபந்தனையை ஒத்துக்கொண்டார்.
6. அயன் வாங்கினோம்.
7. ஒருவருக்கு விரல் சுட்டது.

ஏழு வரிகளில் முடிந்துவிட்டது. அக்கா நினைவுக்கு வருவது மட்டும் இந்த வரிசையில் இல்லை. முதலில் வருவது ஒரு வாசனை. ஈயக் கம்பியின் உள்ளே கொஞ்சம் பிசின் இருக்கும். சூடு பட்டதும் அது புகைந்து, சாம்பிராணிக்குத் தூரத்துச் சொந்தம்போல ஒரு மணம் எழும். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் அந்த மணம் எப்போதும் இருப்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஆனாலும் சில பிற்பகல்களில், மழைக்கு முன்னால் காற்று அசையாமல் நிற்கும்போது, அது என்னைப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடியின் கூடத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. ஜன்னலுக்குக் கீழே ரயில் மெதுவாக நகர்கிறது. கூடத்தில் விளக்குப் போடவில்லை. மேசைக்கு முன்னால் அக்கா தலையைச் சற்றுச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார், அடுத்த அறையில் யாரோ தாழ்ந்த குரலில் பேசுவதைக் கேட்பதுபோல.

விளக்கு அக்காவுக்குத் தேவைப்பட்டதில்லை. பிறந்ததிலிருந்தே அவருக்குப் பார்வை கிடையாது. நாற்பதைத் தாண்டியவர், திருமணம் செய்துகொள்ளாதவர். இரண்டு தெரு தள்ளி, பார்வையற்றவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு மசாஜ் கடையில் வேலை செய்தார். நான் அப்போது ஜெஞ்சாரோமிலிருந்து வந்து, ஷா ஆலாமில் மின்சுற்றுப் பலகைகளைச் சோதிக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். கொமுட்டர் ரயிலுக்குப் பக்கத்தில் ஓர் அறை வேண்டியிருந்தது. அக்கா வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது.

அறை பார்க்கப் போன அன்று அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி விரல் நகத்தை ஒட்டி இறங்கி இறங்கி ஏறியது. பார்க்க முடியாமல் நான் கையை நீட்டினேன்.

"குடுங்க அக்கா, நான் நறுக்கறேன்."

கத்தி நின்றது. ஆனால் அக்கா அதை விடவில்லை.

"தங்கச்சி, உனக்கு ரூம் வேணுமா, கத்தி வேணுமா?"

ரூம் என்றேன். "அப்ப அந்த நாற்காலியில உக்காரு" என்று மீதி வெங்காயத்தையும் நறுக்கி முடித்துவிட்டுத்தான் வாடகையைப் பற்றிப் பேசினார்.

அக்காவைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். அவர் கையில் இருப்பதை யாரும் வாங்க முடியாது. பணிவாகக் கேட்டாலும், அவசரத்தில் பிடுங்கினாலும், அன்பாகக் கை நீட்டினாலும் முடியாது. மெதுவாகச் செய்வார், சில நேரம் எரிச்சல் வரும் அளவுக்கு மெதுவாக. நெய்ப் பொட்டலத்தின் ஓரத்தைக் கண்டுபிடித்துக் கிழிக்கும்வரை தோசை காத்திருக்கும். நானும் காத்திருப்பேன்.

ஒருமுறை கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தில், அலுவலக உடையில் இருந்த ஓர் இளைஞர் ஓடி வந்து அக்காவின் வெள்ளைக் கோலின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தார். நல்ல எண்ணம்தான். அக்கா நின்றுவிட்டார்.

"பாஸ், அத விடுங்க. ஸ்டேரிங்க நீங்க புடிச்சிக்கிட்டா நான் எப்படி ஓட்டறது?"

அந்த இளைஞர் நகரும் படிக்கட்டு முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். மேலே போனதும் அக்கா அவருடைய முழங்கையைக் கேட்டு வாங்கிப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைத் தாண்டும்வரை அவரோடு பேசிக்கொண்டே நடந்தார். அவருக்கு எந்த ஊர், என்ன வேலை, முதுகு வலி உண்டா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிட்டது. மறுவாரம் அவர் மசாஜ் கடைக்கு வந்தார்.

அந்தக் கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைக்ரோஸ்கோப் முன்னால் நாளெல்லாம் உட்கார்ந்து என் மணிக்கட்டு வலிக்கும். சாயங்காலம் அக்கா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வார். எங்கே வலிக்கிறது என்று கேட்க மாட்டார். கட்டை விரல் மெல்ல ஊர்ந்து போய், எனக்கே தெரியாத ஓர் இடத்தில் நிற்கும். அங்கிருந்து ஏதோ அவிழ்ந்து தோள்வரை போகும். நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தால், "பேசாத. நீ பேசினா உன் கை என்ன சொல்லுதுன்னு கேக்கல" என்பார். கீழே ரயில்களும், பூக்கடைக்காரரின் வானொலியும், யாரோ தாளிக்கும் கடுகும் ஒன்றாகக் கலந்து, நான் உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருக்கிறேன்.

எனவே அக்கா சால்டரிங் அயன் வேண்டும் என்றபோது எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

கடிகாரம் சின்னதுதான். தலையில் தட்டினால் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் மணி சொல்லும். அது ஊமையானதும் நான் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒலிபெருக்கிக்குப் போகும் கம்பி விட்டுப் போயிருந்தது.

"ஒரே ஒரு கம்பிதான் அக்கா. குடுங்க, நாளைக்கு ஃபேக்டரியில பத்த வெச்சுக் கொண்டாறேன்."

"நீ கல்யாணம் ஆகிப் போனதுக்கு அப்பறம் மறுபடி கெட்டுப் போயி ரோசாக் ஆச்சுன்னா?"

"எனக்குக் கல்யாணமே ஆகல."

"ஆகாமயா போயிடும்? இல்ல தங்கச்சி, நான் யோசிச்சேன். காசு குடுத்து நான் வாங்கின கடிகாரம். ரோசாக் ஆனதும் அது வேற யார் கைக்காவது போயிடுது. எங்க கடையில ஆளுக்கு ரெண்டு மூனு சாமான் இப்படித்தான் செத்துக் கெடக்கு. ரேடியோ, இயர்போன், பேசற வாட்ச். எல்லாம் ஒரு கம்பி, ரெண்டு கம்பி. அதப் பத்த வைக்கிற சாமான் நல்லதா, மலிவா எது? ஒரு வார டிப்ஸுக்குள்ள இருக்கணும்."

அண்ணனுக்கு இந்தச் செய்தி எப்படிப் போனதென்று தெரியாது. அவர் கிள்ளானில், லிட்டில் இந்தியாவில், பூசைச் சாமான் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். வாசலில் அக்கா சாவியைத் துவாரத்தில் பொருத்திக்கொண்டிருந்தால், பின்னால் வந்து சாவியை வாங்கிக் கதவைத் திறந்துவிடுவார். அக்காவிடமிருந்து எதையாவது வாங்க முடிந்த ஒரே மனிதர் அவர்தான். அப்போதெல்லாம் அக்காவின் முகம் ஒரு நொடி காலியாகிவிடும்.

அந்த ஞாயிறு, வந்த வேகத்தில் உட்காரக்கூட இல்லை.

"தங்கச்சி, நீ படிச்ச பொண்ணு, சொல்லு. அந்தச் சாமான் எவ்ளோ சூடு இருக்கும்?"

"முந்நூறு, முந்நூத்தம்பது டிகிரி இருக்கும் அண்ணே."

"கேட்டியா?" என்றார் அக்காவைப் பார்த்து.

அக்கா என் பக்கம் திரும்பினார். "எண்ணெய்ச் சட்டி எவ்ளோ?"

"நூத்தி எம்பதுக்கு மேல இருக்கும்."

"நேத்து அதுல வடை சுட்டேன். முக்கால்வாசி இந்த ஆளுதான் இப்ப வந்து திங்கப் போறாரு."

"வடை வேற லா. அது சட்டியில இருக்கு, நீ கரண்டியில எடுக்கற. இத கையில புடிக்கணும். உனக்குக் கைதான் சோறு. ஒரு விரல் வெந்து போனா எத்தன நாளு வேலைக்குப் போவாம இருப்ப? வாடகை யாரு கட்டுவா?" சற்று நிறுத்தி, குரலை இறக்கினார். "சரி. பெரிய செட்டு ஒன்னு நானே வாங்கித் தரேன். கிள்ளான்ல வெச்சுக்க. நான் பக்கத்துல இருக்கும்போது செய்யி."

"வேணாம்."

"அப்ப ஒன்னு சொல்றேன், கேட்டுக்க. வாங்கறதுன்னா வாங்கு. ஆனா அந்தச் சாமான் ஒரே ஒரு தடவ உன் கையச் சுட்டாலும் இந்த வீட்டக் காலி பண்ணிட்டு எங்கூட வந்துடணும். மாடியில ரூம் சும்மாதான கெடக்கு."

"சரி" என்றார் அக்கா.

அண்ணன் இவ்வளவு சுருக்கமான பதிலை எதிர்பார்க்கவில்லை. பிறகு உட்கார்ந்து வடை சாப்பிட்டார்.

அவர் போன பிறகு ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "முடியாதுன்னு சொன்னா வாரா வாரம் இதே பேச்சு. சரின்னு சொன்னா ஒரே பேச்சு" என்றார். கிள்ளான் வீடு மோசமா என்றேன்.

"மோசமா? ரொம்ப நல்லா பாத்துப்பாங்க. அண்ணி மைலோவுல சீனி போட்டு, கலக்கி, ஆத்தி, டம்ளர என் விரல்ல ஒட்ட வெச்சுடுவாங்க. தீபாவளிக்குப் போய் நாலு நாள் இருந்துட்டு வந்தா எனக்குக் கை மரத்துப் போயிடும். அங்க போனேன்னா செத்து பதினாறாம் நாள் வரைக்கும் சுகமா இருப்பேன்."

நான் ஓர் அட்டவணை தயாரித்தேன். கிடைக்கும் அயன்கள், அவற்றின் வாட், வெப்ப அளவு, சூடாகும் நேரம், மாற்று முனை கிடைக்குமா, பிளக் எப்படி, விலை என்ன என்று எல்லாவற்றையும் நிரப்பி அக்காவின் கைப்பேசிக்கு அனுப்பினேன். கைப்பேசி அதை எனக்குப் புரியாத வேகத்தில் வாசித்தது. அக்கா முறுக்கு தின்றுகொண்டே கேட்டார்.

"நல்லா செஞ்சிருக்க. ஒயர் மொத்தமா, மெல்லிசா?"

அது அட்டவணையில் இல்லை.

"புடிக்கிற எடத்துலேர்ந்து முனை எவ்ளோ தூரம்? கீழ வெச்சா உருளுமா?"

அதுவும் இல்லை. தயாரித்தவர்களும் எங்கும் எழுதியிருக்கவில்லை. அதனால் சனிக்கிழமை இருவரும் மின்சாமான் கடைகள் இருக்கும் ஜாலான் பசாருக்குப் போனோம்.

கடை குறுகலானது. கண்ணாடி மேசைக்குப் பின்னால் ஒரு சீன அங்கிள், சட்டைப் பையில் நிறையப் பேனாக்கள். என் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். யாருக்கு என்று மலாயில் கேட்டார். அக்கா, "எனக்கு" என்றதும் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

முதலாவது, சாதாரண நீள அயன். அக்கா அதை எழுதுவதுபோலப் பிடித்து முனையை மேசையில் வைத்தார். "இது துடைப்பக் கட்டையப் புடிச்சு கோலம் போடற மாதிரி இருக்கு. கை ஒரு பக்கம், முனை ஒரு பக்கம்." வேலை செய்கிறது என்று காட்ட அங்கிள் அதைச் சுவரில் செருகினார். பிளக்கில் இரண்டே முள். மூன்று துளைச் சாக்கெட்டில் அது போகாது. மலேசியாவில் எல்லார் வீட்டிலும் செய்வதைத்தான் அவரும் செய்தார். மேல் துளைக்குள் எதையோ விட்டு அழுத்திக்கொண்டு பிளக்கைத் தள்ளினார். டக் என்றது.

"அங்கிள், பேனாவா, ஸ்குரூ டிரைவரா?" என்று மலாயில் கேட்டார் அக்கா.

அங்கிள் சிரித்துவிட்டார். "பேனா."

"எங்க அண்ணன் வீட்டுச் சாவிய விடுவாரு. அவருதான் எனக்குப் பாதுகாப்பு சொல்றாரு."

இரண்டாவதுதான் நான் முதலிடம் கொடுத்தது. கைப்பிடியில் திருகு, வெப்பத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அக்காவுக்குப் பிடி பிடித்திருந்தது. திருகைச் சுற்றினார். வழுவழுவென்று சுற்றியது, எந்த இடத்திலும் தட்டவில்லை. "எதுல நிக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" மேசையில் வைத்தார். விறைத்த ஒயர் அதைத் தானாகத் திருப்பி முனையை அவர் பக்கம் கொண்டுவந்தது. விரல் நுனியால் அதைத் தொட்டுப் பார்த்து, "வெச்ச எடத்துல நிக்காத சாமான் வேணாம்" என்று ஒதுக்கினார். மூன்றாவது, எண்கள் ஒளிரும் பெரிய செட்டு. "இது உனக்கு நல்லாருக்கும்" என்றார்.

பட்டியலில் கடைசியாக, பெயருக்கு ஒன்று எழுதியிருந்தேன். யுஎஸ்பி அயன். கைப்பேசி சார்ஜரில் ஓடும். தொழிற்சாலையில் அதை எடுத்தால் சிரிப்பார்கள்.

"அது பொம்மை அக்கா. வெறும் எட்டு வாட்."

"பொம்மையத்தான் குடேன், பாப்போம்."

தடித்த பேனா அளவு. ஒயர் இயர்போன் கம்பிபோலத் துவண்டு விழுந்தது. கைப்பிடியில் ஒரு சின்ன உலோகப் புள்ளி. அதில் விரல் பட்டால் சூடாகும், விளக்கு எரியும். விரலை எடுத்தால் சிறிது நேரத்தில் தானாக அணைந்துவிடும். அட்டையில் இருந்ததைப் படித்துச் சொன்னேன்.

"சூடாக எவ்ளோ நேரம்?"

"அரை நிமிஷத்துக்குள்ள."

"ஆற?"

"கொஞ்சம் கூட. ஆனா சீக்கிரம் ஆறிடும். உடம்பே இல்லையே அதுக்கு."

அக்கா அதை விரல்களுக்குள் மெல்ல உருட்டிக்கொண்டே நின்றார். அங்கிள் வேறொருவருக்குப் பேட்டரி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். தெருவில் ஒரு லோரி பின்னோக்கி நகரும் சத்தம் நீண்டுகொண்டே போனது.

"தங்கச்சி, சூடாகறதுக்கு முன்னாடியே இத அந்தக் கம்பிமேல கொண்டு போய் வெச்சுட்டா என்ன? எல்லாத்தையும் பச்சையா இருக்கும்போதே தொட்டுத் தடவிச் சரி பண்ணிட்டு, கைய எடுத்துட்டு, அப்பறமா சூடாக்கினா?"

அப்படி யாரும் செய்ய மாட்டார்கள் என்றுதான் என் வாயில் வந்தது. முதலில் சூடாக்கு, பிறகு கொண்டு போ. எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதியே அதுதான். ஆனால் யோசித்துப் பார்த்தேன். நீள அயன் சூடாகப் பல நிமிடமாகும், அதற்குள் கம்பியின் தோல் எல்லாம் உருகிவிடும். ஆறுவதற்கு இன்னும் அதிக நேரம். இந்தப் பொம்மையால் மட்டும் முடியும். அதைச் சொன்னேன்.

"அப்ப பொம்மையே குடுங்க அங்கிள்" என்றார். கையில் நன்றாகப் படும் என்று தடித்த ஈயக் கம்பி ஒரு சுருளும் எடுத்துக்கொண்டார்.

அந்தக் கம்பிதான் எங்களைக் கெடுத்தது. பொம்மையின் சூடு அவ்வளவு ஈயத்தை உருக்கப் போதவில்லை. அது பிசுபிசுத்து அப்படியே நின்றது. அக்கா யார் யாரையோ திட்டினார், அதில் நானும் இருந்தேன். மறுபடி ஜாலான் பசாருக்குப் போய், நூல்போல மெல்லிய கம்பி வாங்கி வந்த பிறகுதான் வேலை நடந்தது.

அவர் வேலை செய்யும் விதம் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ஒரு பலகை. அதில் துணிக் கிளிப்புகள், இறைச்சி கோத்துச் சுடும் இரண்டு சாத்தே குச்சிகள். ஒட்ட வேண்டிய கம்பிகளை முறுக்கி ஒரு கிளிப்பில் நிறுத்துவார். மெல்லிய ஈயத்தை அதன்மேல் ஒரு சுற்றுச் சுற்றுவார். குச்சிகளுக்கு நடுவே அயனைப் படுக்க வைத்து, குளிர்ந்த முனை ஈயத்தைத் தொடும்வரை தள்ளுவார். விரலால் கடைசியாக ஒருமுறை தடவிப் பார்ப்பார். அதன் பிறகு இடது கை மடிக்குப் போய்விடும். அந்தக் கை விரலில்தான் அவர் பிரெய்ல் படித்தார். வலது சுட்டு விரல் மட்டும் உலோகப் புள்ளியில். தலை சாயும். சிறிது நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு, கேட்டும் கேட்காததுமாக ஒரு சீறல். பின்னாலேயே அந்த மணம். விரலை எடுத்துவிடுவார்.

இங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார். பூசை மாடத்தில் ஒரு மந்திரப் பெட்டி இருந்தது, சுவரில் செருகிவிட்டால் நாள் முழுக்க 'ஓம் சரவணபவ' என்று மெல்லப் பாடிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னப் பெட்டி. அண்ணன் கடையில் வாங்கியது. பாட்டு ஒரு சுற்று முடிந்து, ஒரு மூச்சு விட்டு, மீண்டும் தொடங்கும். விரலை எடுத்த பிறகு, அந்தப் பெட்டி முழுதாக ஒரு சுற்றுச் சுற்றும்வரை அக்கா எதையும் தொட மாட்டார். சுற்று முடிந்ததும் நான் என் வெப்பமானியை வைத்துப் பார்த்திருக்கிறேன். முனை தேநீர்க் கோப்பையைவிடக் குறைவாகத்தான் சுட்டது.

கடிகாரம் பேசியது. பட்டப் பகலில் நள்ளிரவு பன்னிரண்டு என்று உற்சாகமாக அறிவித்தது. அக்கா மேசைமேல் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். அதன் பிறகு மசாஜ் கடையிலிருந்து இயர்போன்களும் வாட்சுகளும் வர ஆரம்பித்தன. சில சரியாகின. சில ஆகவில்லை, பொம்மைக்குத் தடித்த கம்பி என்றால் கடைசிவரை ஆகாது.

பிறகு அந்த ஞாயிறு. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அண்ணன் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய மந்திரப் பெட்டிகளோடு வந்தார். கடையில் வாங்கியவர்கள், பாடவில்லை என்று திருப்பிக் கொடுத்தவை. அக்காதான் கேட்டிருந்தார். பெட்டிகளைக் கொடுக்க வந்தாரா, அக்காவின் விரல்களைப் பார்க்க வந்தாரா என்று சொல்ல முடியாது. வந்ததும் அக்காவின் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

அக்கா ஒவ்வொன்றாகத் திறந்தார். பெரும்பாலும் ஒரே கோளாறு, ஒலிபெருக்கிக் கம்பி. சரியாகிவிட்ட பெட்டியை அணைக்காமல் பக்கத்தில் வைத்தார். முதலில் இரண்டு குரல், பிறகு மூன்று. ஒன்று முருகனை, ஒன்று பிள்ளையாரை, ஒன்று சிவனை, வேறு வேறு வேகத்தில். மழைச் சத்தத்துக்கு உள்ளே அவை ஒன்றையொன்று கடந்து போய், எப்போதாவது ஒரு கணம் ஒன்றுசேர்ந்து, மறுபடி பிரிந்தன. கூடம் முழுக்கப் பிசின் மணம். அண்ணன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அரைத் தூக்கமாக இருந்தது. அந்த மதியம் முடியவே வேண்டாம் என்று தோன்றியது.

அடுத்த பெட்டியில் சீறல் வந்தது. அக்கா புள்ளியிலிருந்து விரலை எடுத்தார். அயனின் சின்ன விளக்கு அணைந்தது. அந்த நேரம் பார்த்துக் கிளிப் ஒன்று நழுவ, பலகை லேசாக அசைந்தது. அக்காவின் கை அதைப் பிடிக்க முன்னால் போனது.

"தள்ளு, தள்ளு, நான் எடுக்கறேன்" என்று அண்ணன் பாய்ந்தார். விளக்கு அணைந்துவிட்டதைப் பார்த்திருந்தார், அதனால் ஆறிவிட்டது என்று நினைத்துவிட்டார். அயனை முனைப் பக்கமாகப் பிடித்து எடுத்தார்.

அவர் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டு நாய் குரைத்தது.

அக்கா அவருடைய மணிக்கட்டைத் தேடிப் பிடித்து, குசினிக்கு இழுத்துப் போய்க் குழாயைத் திறந்தார். கட்டை விரலும் சுட்டு விரலும் சிவந்து வெள்ளையாகத் தடித்திருந்தன. அண்ணன் விரல்களை மடக்கப் பார்த்தார். அக்கா விடவில்லை.

"சும்மா இரு. தண்ணி ஓடட்டும்."

"வலிக்குது லா."

"வலிக்கும்."

நான் களிம்பு தேடி வந்தேன். இருவரும் குழாயடியில் ஒட்டி நின்றார்கள். அண்ணன் தண்ணீரைப் பார்த்தபடியே பேசினார்.

"செந்தூல் வீட்டுல மண்ணெண்ணெய் அடுப்பு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. நான்தான தொட்டேன். அம்மா கத்துனாங்க."

"நான் கீழ பந்து விளையாடப் போயிட்டேன். உன்னப் பாத்துக்கன்னு சொல்லிட்டுத்தான் அம்மா கடைக்குப் போனாங்க. நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப என்ன அடிச்சாங்க. அவ கையில எதையும் விடாத, நீ வாங்கு, நீ வாங்குன்னு சொல்லிச் சொல்லி அடிச்சாங்க."

அண்ணனின் மணிக்கட்டை வருடிக்கொண்டிருந்த அக்காவின் கட்டை விரல் நின்றுவிட்டது.

"எனக்குத் தெரியாதே அண்ணே."

"சொன்னாத்தான தெரியும்."

கூடத்தில் பெட்டிகள் தம் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தன. மழை குறைந்திருந்தது. பிறகு கட்டை விரல் மறுபடி அசைந்தது, என் வலியைத் தேடிப் போகுமே, அதேபோல மெதுவாக.

"அன்னைக்கு நீ வீட்டுல இருந்திருந்தாலும் தொட்டிருப்பேன்" என்றார். "அது என்னன்னு தெரியணும்னு இருந்துச்சு எனக்கு. அதுக்கு உன்ன அடிச்சிருக்காங்க."

"பழகிப் போச்சு. உன் கையில எதப் பாத்தாலும் எனக்குக் கை போயிடுது."

"போகட்டும். பாதியில நிறுத்திக்க."

களிம்பு தடவியது அக்காதான். அண்ணன் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தடவி முடிக்க நேரமானது. அவர் அவசரப்படுத்தவில்லை. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்:

"மாடி ரூம்ல ஊதுபத்திப் பெட்டியெல்லாம் அடுக்கப் போறேன். கடையில எடம் பத்தல."

அக்கா, "நல்லது, ஈரம் படாம அடுக்கு" என்றார்.

அடுத்த ஆண்டு எனக்குப் பினாங்கில் வேலை கிடைத்து வீட்டைக் காலி செய்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். அக்கா பிரிக்பீல்ட்ஸில் அதே வீட்டில் இருக்கிறார், அதே கடையில் வேலை செய்கிறார். என் அறையில் வேறொரு பெண் இருக்கிறாள். பொம்மை அயனின் முனை தேய்ந்து, அக்கா இரண்டு முறை புதிது மாற்றியிருக்கிறார். தடித்த கம்பிகளுக்கென்று இன்னொரு அயன் வாங்குவதைப் பற்றிப் போன மாதம் தொலைபேசியில் கேட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. எடையும் ஒயரும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.